மருத்துவ மோசடியில் பணத்தை விடப் பெரிய நஷ்டம்: நாம் செய்யும் சில தவறுகள்

மருத்துவ மோசடி என்றால் எவ்வளவு பணம் போச்சு என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பணத்தை எப்படியாவது சம்பாதித்துவிடலாம். ஒழுங்காக நடந்துகொண்டிருந்த சிகிச்சை பாதியில் நின்றுபோவதுதான் இதில் பெரிய நஷ்டம். ஆரம்பக் கட்டத்தில் இருந்த புற்றுநோய்க் கட்டி, யாரோ கொடுத்த லேகியத்தை நம்பி ஆறு மாதம் காத்திருக்கும்போது எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் முதல் தவறு, “இதைச் சாப்பிடும்போது இங்கிலீஷ் மருந்து எதுவும் தொடக் கூடாது” என்ற பேச்சுக்குத் தலையாட்டுவது. யார் சொன்னாலும் சரி, அந்த இடத்திலேயே சுதாரித்துக்கொள்ள வேண்டும். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிடும். எந்த மாத்திரையைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்பதை அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

மூட்டுவலிப் பொடி கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்கள் வீட்டிலும் இது நடக்கிறது. லேபிள் கிடையாது. பிளாஸ்டிக் கவரில் ரப்பர் பேண்ட் போட்ட பொட்டலம், காலையும் இரவும் அரை ஸ்பூன் வெந்நீரில். மூன்றாம் நாள் பாட்டி பிடிமானம் இல்லாமல் மாடிப்படி ஏறுகிறார். தெருவே அந்த வைத்தியரின் விலாசம் கேட்டு வாங்குகிறது. இப்படி அதிவேகமாக வலி போனால் பல நேரங்களில் பொடிக்குள் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு கலந்திருக்கும். பசி எடுக்கும், முகம் உப்பும். “உடம்பு தேறிடுச்சு” என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். உள்ளே சர்க்கரையும் பிரஷரும் ஏறிக்கொண்டிருக்கும், எலும்பு பலவீனமாகும்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. விஷயம் தெரிந்ததும் பயந்துபோய்ப் பொடியைச் சட்டென நிறுத்துவதும் ஆபத்து. பல வாரம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்ததால், உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் வாந்தி, கடுமையான அசதி, பிரஷர் இறங்கி மயக்கம் வரை போகலாம். மீதிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். படிப்படியாகக் குறைக்கும் வழியை அவர் சொல்வார். திட்டுவாரே என்று மறைக்காதீர்கள்.

இதைச் சித்த மருத்துவத்தின் மீதான குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது, பட்டம் பெற்றுப் பதிவு செய்த மருத்துவர்கள் அங்கே பார்க்கிறார்கள். கடையில் வாங்கும் சித்த, ஆயுர்வேத மருந்தென்றால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, சேர்மானப் பட்டியல் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். “பரம்பரை ரகசியம், சொல்லக் கூடாது” என்றால் வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

“டிவியில வருது, பொய்யா சொல்வான்?” என்பது அடுத்த தவறு. அந்த அரை மணி நேரம், மருந்து விற்பவர் சேனலுக்குக் காசு கொடுத்து வாங்கிய நேரம். சர்க்கரை நோய், புற்றுநோய், பக்கவாதம், குழந்தையின்மை, உயரம் குறைவு என்று 54 பிரச்சினைகளைப் பட்டியலிட்டு, இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆக, சர்க்கரையை அடியோடு ஒழிப்பதாக ஒரு விளம்பரம் வந்தால் அதுவே சட்டமீறல். இப்போது பிரபல மருத்துவர்கள் பேசுவது மாதிரியே ஏஐ வீடியோக்கள் வேறு சுற்றுகின்றன. அவர் ஏதோ மாத்திரையை விற்க ஃபேஸ்புக்கில் கூவுகிறார் என்றால் வாயசைவைப் பார்த்து ஆராய வேண்டியதில்லை, போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாயின்ட்மென்ட்டுக்காக கூகுளில் தேடி, முதலில் வரும் எண்ணை அழைப்பது இன்னொன்று. எடுப்பவர் மரியாதையாகப் பேசுவார், பதிவுக் கட்டணம் 10 ரூபாய்தான் என்பார், வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே ஃபைல் (பிளே ஸ்டோர் வழியாக இல்லாமல் நேரடியாக ஆப்பை ஏற்றும் ஃபைல்) அனுப்புவார். அதை இன்ஸ்டால் செய்தால் ஓடிபி முதற்கொண்டு அவர் கைக்குப் போய்விடும். பழைய ஓபி சீட்டிலோ பில்லிலோ இருக்கும் எண்ணுக்கு அழையுங்கள்.

கர்ப்பிணிகளைக் குறிவைப்பவர்கள்தான் எனக்கு மிகக் கேவலமாகப் படுகிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கிடைக்கிறது. ரொக்கம் தவணையாக வங்கிக் கணக்கில் வரும். “சுகாதாரத் துறையிலிருந்து பேசுறேம்மா” என்று அழைப்பவர் உங்கள் பெயர், பிரசவத் தேதி எல்லாம் சரியாகச் சொல்வார். விவரம் தெரிந்திருப்பதால் நிஜ அதிகாரி என்று நினைத்துவிடுகிறோம். அந்த விவரங்கள் எங்கிருந்தோ கசிந்தவை. பிறகு ஒரு கியூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார். நமக்குப் பணம் வர ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். போனை வைத்துவிட்டு உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டைக்குப் புரோக்கர் தேவையே இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருமானச் சான்று, ரேஷன் கார்டோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போனால் போதும்.

கடனில் மூழ்கியவர்களுக்கு விரிக்கும் வலை ஒன்று உண்டு: கிட்னிக்குக் கோடி ரூபாய் தருவதாக, பெரிய மருத்துவமனையின் பெயரில் போலிப் பக்கம், முதலில் சில ஆயிரம் பதிவுக் கட்டணம். உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எந்த மருத்துவமனையும் விளம்பரம் போட்டு வாங்காது. தானும் மாட்டிக்கொள்வோமோ என்று ஏமாந்தவர்கள் புகார் செய்யத் தயங்குவதுதான் இவர்களுக்கு வசதி.

ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு. பொடி, மாத்திரை விவகாரம் என்றால் மிச்ச மருந்து, பில், கூரியர் கவர் எதையும் குப்பையில் போடாமல் வைத்திருந்து, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் எழுத்தில் புகார் கொடுங்கள்.