ஹேட்ரியனின் ஊர்கள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோமப் பேரரசர் ஹேட்ரியனைப் (ஆட்சி கி.பி. 117–138) பற்றி எழுதுபவர்கள் பலர் முதல் வரியிலேயே சறுக்குகிறார்கள்: "ஸ்பெயினின் இத்தாலிகாவில் பிறந்தவர்." இத்தாலிகா அவருடைய பூர்வீகம். கி.பி. 76 ஜனவரி 24 அன்று அவர் பிறந்தது ரோமில் என்றே பழைய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. அவர் காலத்தில் இத்தாலிகாவில் அகன்ற தெருக்களோடு புதிய நகர்ப்பகுதி எழுந்தது. சுமார் 25,000 பேர் அமரும் ஆம்பிதியேட்டரும் வந்தது. ஆனாலும், சொந்த ஊரைப் பெரிதும் கௌரவித்தவர் அங்கே போகவே இல்லை என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ. அதே ஸ்பெயினில், தாரகோவில், 122–23 குளிர்காலம் முழுக்கத் தங்கியவர் அவர். ஆகவே கட்டடங்களை மட்டும் பார்த்துப் பாசத்தை அளக்காதீர்கள். பயணத் தேதிகளையும் பாருங்கள்.

அப்படிப் பார்த்தால் முன்னுக்கு வருவது ஏதென்ஸ். அங்கே அவர் அர்க்கோன் (நகரின் தலைமை ஆட்சியாளர்) பதவி வகித்தது 111–12இல், அரியணை ஏறுவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்பே. இதை விட்டுவிட்டு 'பேரரசரான பின் வந்த கிரேக்க மோகம்' என்று எழுதுவது பெரும் பிழை. ஆட்சிக்கு வந்தபின் மூன்று முறை அங்கே தங்கினார். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தொடங்கி அரைகுறையாக நின்ற ஒலிம்பிய சீயஸ் கோவிலைக் கட்டி முடித்தவரும் அவரே.

கோவிலருகே உள்ள ஹேட்ரியன் வளைவில் இரண்டு பக்கமும் வாசகம் உண்டு. பலர் ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டி, பழைய ஏதென்ஸையே அவர் மறுத்ததாக எழுதிவிடுகிறார்கள். "இது தீசியஸின் பழைய நகரமான ஏதென்ஸ்" என்பது பழைய கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸை நோக்கிய பக்கம்; தீசியஸ் ஏதென்ஸின் புராண மன்னர். "இது ஹேட்ரியனின் நகரம், தீசியஸின் நகரம் அல்ல" என்பது கோவிலை நோக்கிய பக்கம். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். 'அவரே கட்டிய வளைவு' என்றும் எழுதாதீர்கள். கட்டியவர் பெயர் கல்லில் இல்லை.

அவர் நிறுவிய ஊர்களையெல்லாம் ஒரே தட்டில் வைப்பதும் தவறு. மிசியாவின் (இன்றைய துருக்கியின் வடமேற்குப் பகுதி) ஹேட்ரியனுதெரை, அவர் கரடி ஒன்றை வேட்டையாடிய இடத்தில் எழுந்தது.

எகிப்தின் அந்தினோபோலிஸ் வேறு வகை. 130 அக்டோபரில் அவருடைய அன்புக்குரிய அந்தினோவுஸ் நைல் நதியில் மூழ்கி இறந்தபின் நிறுவிய நகரம் அது. அந்தினோவுஸின் சொந்த ஊராக அதைக் குறிப்பிடக் கூடாது, அவர் பித்தினியாக்காரர் (அதுவும் இன்றைய துருக்கியில்தான்). வெறும் நினைவுச்சின்னமாகச் சுருக்குவதும் சரியல்ல: கிரேக்கக் குடிகளை வரவழைத்து, எகிப்தியரோடு மணவுறவு கொள்ளும் உரிமையும் கொடுத்தார். அங்கிருந்து செங்கடலோரமாகப் பெரெனிகே துறைமுகம் வரை 137இல் சாலையும் அமைந்தது. தென்னிந்திய மிளகும் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடும் அகழாய்வில் கிடைத்த அதே பெரெனிகேதான்.