கல்லீரல் ரத்தக்குழாய் ஸ்கேன்: நாம் செய்யும் தவறுகள்

குடியாத்தத்திலிருந்தும் ஆரணியிலிருந்தும் விடிகாலை பஸ் பிடித்து வேலூருக்கு டாப்ளர் ஸ்கேன் (ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுக்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்பதுதான். "ஒண்ணும் இல்ல சார், ஒரு டீ, ரெண்டு பிஸ்கட்" என்பார்கள். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. ஹெபாட்டிக் ஆர்ட்டரி என்கிற கல்லீரல் தமனி கொண்டுவருவது சுமார் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கும் குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் போர்ட்டல் வெயின் என்கிற சிரை வழியாக வருகிறது. நம் பொன்னையாறு பாலாற்றில் கலந்து, அப்புறம் வாலாஜா அணைக்கட்டில் கால்வாய்களாகப் பிரிகிறதே, அதே அமைப்பு. சாப்பிட்டவுடன் குடலுக்கு ரத்தம் அதிகம் பாயும். போர்ட்டல் வெயினும் விரியும். வெறும் வயிற்றில் அதன் அகலம் பொதுவாக 13 மில்லிமீட்டருக்குள் இருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்தால், விரிந்தது நோயாலா உணவாலா என்று எப்படிப் பிரிப்பது? ஆறு மணி நேரமாவது வயிறு காலியாக இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, காலை முதல் நேரத்தை வாங்கிவிடுங்கள்.

மூச்சும் அப்படித்தான். கல்லீரலிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் மூன்று ஹெபாட்டிக் வெயின்களும் இதயத்துக்குப் பக்கத்தில் முடிகின்றன. அதனால் அவற்றின் ஓட்டம் அலை அலையாகத் தெரியும். மூச்சை முழுக்க இழுத்து முக்கிப் பிடித்தால் அலை தட்டையாகிவிடும். கல்லீரல் சுருக்க நோயிலும் தட்டையாகத்தான் தெரியும். "பாதி மூச்சில் நிறுத்துங்க" என்று சொல்வது அதற்காகத்தான்.

ஸ்கேன் பார்க்கும் எங்கள் பக்கத் தவறுகளையும் சொல்லியாக வேண்டும். மெதுவாக ஓடும் ரத்தத்தை, வேகமான ஓட்டத்துக்கான அளவில் மெஷினை வைத்துப் பார்த்தால் ஓட்டமே தெரியாது. ரிப்போர்ட்டில் 'அடைப்பு' என்று வந்துவிடும். பாலாற்று மணலை மேலே பார்த்துத் தண்ணீரே இல்லை என்பது போல. அளவைக் குறைத்து, ஒலிக்கதிர் ரத்தக்குழாய்க்குச் சாயும் கோணத்தை 60 டிகிரிக்குள் கொண்டுவந்து, மறுபடியும் பார்க்காமல் 'அடைப்பு' என்று எழுதவே கூடாது.

சிடி ஸ்கேனில் எல்லாமே நேரக்கணக்கு. ரத்தக்குழாய்களைப் படத்தில் பளிச்சென்று காட்டும் மருந்தைக் கையில் ஏற்றிய 35 வினாடி வாக்கில் ஆர்ட்டரி பளிச்சென்று தெரியும். 70 வினாடி வாக்கில் வெயின்கள் நிறையும். மூன்று நிமிடம் கழித்து இன்னொரு படம். கல்லீரல் புற்றுநோய்க்கு ரத்தம் பெரும்பாலும் ஆர்ட்டரியிலிருந்தே போவதால் அது முதல் படத்தில் மின்னி, பிந்தைய படங்களில் மங்கும். செலவு மிச்சம் என்று ஒரே ஒரு கட்டத்தை மட்டும் எடுத்தால் அது கண்ணில் படாமலே போகலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு: முதல் படத்தை மட்டும் பார்த்தால் இல்லாத நோயும் இருப்பதாகத் தெரியலாம். ஆரணி அம்மா ஒருவர், வயிற்றின் பெரிய சிரையில் ரத்தக்கட்டி என்று எங்கோ எழுதிக்கொடுத்த ரிப்போர்ட்டோடு அழுதுகொண்டே வந்தார். சிறுநீரகத்திலிருந்து மருந்து கலந்த ரத்தம் சீக்கிரம் திரும்பிவிடும். காலிலிருந்து வருவதில் அப்போது மருந்து இருக்காது. இரண்டும் சேருமிடத்தில் கட்டி போலவே ஒரு நிழல் விழும். தாமதப் படத்தைத் திறந்து பார்த்தேன்: சிரை சுத்தமாக இருந்தது. ரத்தம் உறையாமலிருக்க அவர் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியிருப்பார்!

என்னை மிகவும் வருத்துவது குழந்தைகள் விஷயம். பிள்ளை ரத்த வாந்தி எடுக்கிறது, மண்ணீரல் வீங்கியிருக்கிறது, ஆனால் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். போர்ட்டல் வெயின் கல்லீரலுக்கு வெளியிலேயே அடைபட்டிருந்தால் அந்தப் பரிசோதனைகள் பெரும்பாலும் சரியாகவே வரும். அடைபட்ட இடத்தைச் சுற்றி மெல்லிய குழாய்கள் கொத்தாக வளர்ந்திருப்பதை டாப்ளர்தான் காட்டும். ரத்த வாந்தி என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ரத்தக்கசிவு நின்று பிள்ளை தேறியதும், டாப்ளர் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

அப்புறம், ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுவராதீர்கள். பழைய ஃபிலிம், படங்கள் பதிந்த சிடி தட்டு, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவு, முன்பு ஊசி மருந்து ஒவ்வாமல் போயிருந்தால் அந்தச் சீட்டு, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.