மருந்துக்கடைக்காரர்களுக்குச் சர்க்கரை நோய்ப் பயிற்சி: எங்கெல்லாம் சறுக்குகிறோம்

தமிழ்நாட்டில் பெரியவர்களில் சுமார் ஏழு பேருக்கு ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. 2023-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு 14.4 சதவீதம் என்று கணக்குச் சொன்னது, நாடு முழுக்க 10 கோடிப் பேருக்கு மேல். இவர்களில் பெரும்பாலானோர் டாக்டரைப் பார்ப்பது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சிலர் அதுவும் இல்லை. ஆனால் மெடிக்கல் ஷாப்புக்கு மாதாமாதம் வருகிறார்கள், கையில் காசு குறைவாக இருப்பவர்கள் பத்து மாத்திரை அட்டை ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு பத்து நாளில் மறுபடி வருகிறார்கள். சர்க்கரை நோயாளியை அதிகம் பார்க்கும் மருத்துவத் துறை ஆள் யார் என்று கேட்டால் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் ஃபார்மசிஸ்ட்தான். அவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கொடுக்கிற விதத்தில்தான் திரும்பத் திரும்ப ஒரே தவறுகள் நடக்கின்றன.

பெரிய தவறு, வகுப்பைக் கணையத்தில் தொடங்குவது. ஹோட்டல் ஹாலில் ப்ரொஜெக்டர் போட்டு, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல் எப்படி வேலை செய்கிறது என்பதில் ஆரம்பித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மருந்து வகைகளின் அட்டவணையை முடித்து, மாலையில் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வந்தவர்கள் டி.பார்ம் இரண்டு வருடமும் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் முடித்தவர்கள், அல்லது பி.பார்ம் நான்கு வருடம் படித்தவர்கள், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கல்லீரலில் என்ன செய்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். தெரியாதது, இரண்டு நிமிடத்தில், பின்னால் நான்கு பேர் நிற்கும்போது, "ஜிபி 2 ஒரு அட்டை குடுங்க தம்பி" என்று சர்க்கரை மாத்திரை கேட்கிற அம்மாவிடம் என்ன கேட்பது என்பதுதான். அதனால் மேசை மேல் நிஜமான அட்டைகள், சிரிஞ்ச்கள், இன்சுலின் பென் (பேனா மாதிரி ஊசிக் கருவி), குளுக்கோமீட்டர், பழைய மருந்துச் சீட்டுகள் (பெயரை மறைத்துவிட்டு) இவற்றைப் பரப்பி வைத்து அங்கிருந்து தொடங்குங்கள். தியரி தேவைப்படும் இடத்தில் தானாக வரும்.

அந்தப் பொருட்களில் முதலில் எடுக்க வேண்டியது இன்சுலின் சிரிஞ்ச். பல பயிற்சிகளில் இது ஒரு ஸ்லைடோடு போய்விடுகிறது, எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு, ஏனென்றால் மற்ற தவறுகளில் சர்க்கரை கொஞ்சம் ஏறும் இறங்கும், இதில் உயிரே போகலாம். நம் ஊரில் வயல் எனப்படும் சின்ன மருந்துப் புட்டியில் வரும் சாதாரண மனித இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பென்னிலும் அதற்குள் போடும் கார்ட்ரிட்ஜிலும் வருவது பெரும்பாலும் 100 யூனிட், சில வகை இன்சுலின் வயலிலேயே 100 யூனிட்டாகவும் வருகிறது. சிரிஞ்சும் இரண்டு வகை, சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. டாக்டர் 20 யூனிட் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். 40 யூனிட் இன்சுலினை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் போவது வெறும் 8 யூனிட். பென் ஊசி தீர்ந்துவிட்டது என்று கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சைக் குத்தி இழுப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கணக்கைச் சொல்லிக் கேட்டால் போதாது, ஒவ்வொருவரும் கையால் தண்ணீரை இழுத்துப் பார்க்க வேண்டும், அப்புறம் "சிரிஞ்ச் பத்து குடுங்க" என்று யார் கேட்டாலும் "எந்த இன்சுலினுக்கு?" என்ற கேள்வி தானாக வாயில் வர வேண்டும்.

அதோடு ஊசி போடும் விதமும் சேர்ந்தது. ஒரே இடத்தில் போட்டுப் போட்டுத் தோலுக்கடியில் கட்டி விழுந்தால் மருந்து ஒழுங்காக உடம்பில் சேராது, சர்க்கரை ஏன் குறையவில்லை என்று டோஸ் மட்டும் ஏறிக்கொண்டே போகும். கலங்கலாக இருக்கும் இன்சுலினை உள்ளங்கையில் மெதுவாக உருட்டிக் கலக்க வேண்டும், பென்னை அழுத்திய பிறகு பத்து எண்ணும்வரை ஊசியை வெளியே எடுக்கக் கூடாது, ஊசியைத் தினமும் மாற்றாமல் ஒரு வாரம் ஓட்டக் கூடாது. ஃபார்மசிஸ்ட் இவற்றைச் செய்து காட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பயிற்சி முடிந்து போகும் பலர் ஒரு பென்னைக் கையில் பிடித்தே பார்க்காமல் போகிறார்கள்.

சேமிப்பு பற்றிச் சொல்லும்போது "2 முதல் 8 டிகிரி" என்று புத்தக வரியைச் சொல்லி நிறுத்திவிடுவது இன்னொன்று. திறக்காத இன்சுலினுக்கு அது சரி. திறந்ததை 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் வெளியே வைத்துப் பயன்படுத்தலாம் என்பது பொதுவான விதி, வகைக்கு வகை கொஞ்சம் மாறும், உள்ளே இருக்கும் தாளைப் பார்க்க வேண்டும். ஆனால் சித்திரை வெயிலில் வேலூரிலோ திருத்தணியிலோ 40 டிகிரி தாண்டும்போது ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் என்ன செய்வது? பெரிய மண்பானையில் ஈர மணல் நிரப்பி அதற்குள் சின்னப் பானை வைத்து, அதில் மருந்தை நனையாத டப்பாவில் போட்டு வைக்கலாம், வெளியே இருப்பதைவிடக் கணிசமாகக் குளிர்ச்சியாக இருக்கும். ஃப்ரிட்ஜ் இருக்கிற வீட்டில் ஆபத்து வேறு மாதிரி, ஃப்ரீசரில் வைத்துவிடுவார்கள், அல்லது பஸ்ஸில் போகும்போது ஐஸ் கட்டியை நேராக ஒட்டி வைப்பார்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது, தூக்கித்தான் போட வேண்டும். கடையின் ஃப்ரிட்ஜிலும் ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறதா, மின்தடைக்குப் பிறகு யாராவது பார்க்கிறார்களா என்பதையும் இதே வகுப்பில் கேளுங்கள்.

லோ சுகருக்கு வருவோம். 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், இது எல்லாருக்கும் மனப்பாடம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கலாம் என்றும் சொல்லிவிடுவார்கள். விடுபடுவது இது: நம் ஊரில் கிளிமெபிரைட், மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் என்ற மூன்று சர்க்கரை மருந்துகளும் சேர்ந்த மாத்திரைகள் நிறைய விற்கின்றன. சாப்பிடும் சர்க்கரையும் மாவுப்பொருளும் குளுக்கோஸாக உடைவதைத் தாமதப்படுத்துவதுதான் வோக்லிபோஸின் வேலையே. கிளிமெபிரைட்டால் சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டும்போது வீட்டுச் சர்க்கரையைக் கொடுத்தால் அது சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். அந்த மாத்திரையை விற்கும்போதே ஒரு குளுக்கோஸ் பாக்கெட் வீட்டில் இருக்கிறதா என்று கேட்பது எவ்வளவு எளிது! சாக்லேட் கொடுக்கலாமா என்று கேட்பார்கள், அதில் இருக்கும் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும், அவசரத்துக்கு உதவாது. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். கிளிமெபிரைட், கிளிபென்கிளமைடு மாதிரி மருந்துகளில் ஒருமுறை ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம், வயதானவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இது அதிகம், அதனால் தேறியதும் சாப்பாடு சாப்பிடச் சொல்வதோடு டாக்டருக்கும் தெரியப்படுத்தச் சொல்ல வேண்டும்.

மருந்து இரட்டிப்பாவதை யாரும் வகுப்பில் எடுப்பதில்லை. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல திட்டம், எத்தனையோ பேர் அதனால்தான் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்கள். ஆனால் அதே ஆள் பிரைவேட் டாக்டரிடமும் காட்டி, வேறு பிராண்ட் பெயரில் அதே மருந்தை நம்மிடம் வாங்கினால்? நிறம் வேறு, பெயர் வேறு, இரண்டும் மெட்ஃபார்மின் என்று அவருக்கு எப்படித் தெரியும்? "வீட்டுக்கு வந்து குடுக்கிற மாத்திரையும் சாப்பிடுறீங்களாம்மா? அடுத்த தடவை அந்த அட்டையையும் எடுத்துட்டு வாங்க." இப்படி ஒரு கேள்வி பயிற்சித் தாளில் இருக்க வேண்டும். பிராண்ட் பெயருக்குப் பின்னால் வரும் 1, 2, ஃபோர்ட் போன்ற வால்களை வைத்து உள்ளே எவ்வளவு மருந்து என்று படித்துச் சொல்லும் பயிற்சியும் அதே போல.

இன்னொரு பெரிய ஓட்டை, சர்க்கரை மருந்துகளை மட்டும் கற்றுக்கொடுப்பது. சர்க்கரை நோயாளி கடையில் சர்க்கரை மாத்திரை மட்டுமா வாங்குகிறார்? கால் ஆணிக்குப் பிளாஸ்டர் கேட்பார். அதில் இருப்பது சாலிசிலிக் அமிலம், உணர்ச்சி குறைந்த காலில் ஒட்டினால் நல்ல தோலும் வெந்து புண்ணாகும், அவருக்கு வலிக்கவே வலிக்காது, புண் பெரிதான பிறகுதான் தெரியும். அதைச் சர்க்கரை உள்ளவருக்குக் கொடுக்கவே கூடாது. மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு கலந்த பழைய சீட்டை நீட்டுவார், சர்க்கரை எகிறும். வலி மாத்திரையை மாதக்கணக்கில் வாங்குவார், சிறுநீரகத்துக்குக் கேடு. சங்கடத்தோடு மெல்லிய குரலில் அரிப்புக்கு க்ரீம் கேட்பார், இதுதான் முக்கியம். டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையின் காப்புரிமை முடிந்து, அதே வகையான எம்பாகிளிஃப்ளோசினுக்கும் 2025-இல் முடிந்து, விலை இறங்கி இப்போது ஏராளமான பேர் இவற்றைச் சாப்பிடுகிறார்கள். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மருந்து என்பதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், அவர் அதை மாத்திரையோடு சேர்த்து யோசிக்கவே மாட்டார், டாக்டரிடம் சொல்லவும் கூச்சப்படுவார். க்ரீமைக் கொடுத்து அனுப்பினால் அடுத்த மாதமும் வருவார். இதே மருந்து சாப்பிடுபவர் வாந்தி பேதியில் சாப்பிட முடியாமல் இருந்தால், மீட்டரில் சர்க்கரை ரொம்ப அதிகமாகக் காட்டாவிட்டாலும் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ஏறி ஆபத்தாகலாம், அன்றைக்கே டாக்டரிடம் பேசச் சொல்ல வேண்டும்.

விரதத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சஷ்டி, ரமலான், பழனிக்கு நடைப்பயணம் எதுவானாலும் அதற்கு முந்தைய வாரங்களிலேயே போகப்போகிறாரா, பட்டினி இருப்பாரா என்று கேட்க வேண்டும், பட்டினி கிடக்க ஆரம்பித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

பேசும் தொனியைப் பயிற்சியில் யாரும் திருத்துவதில்லை. "சுவீட் சாப்பிட்டீங்களா, அதான் 280" என்று நாலு பேர் முன்னால் சொன்னால் அவர் அடுத்த முறை ரிப்போர்ட்டைக் காட்ட மாட்டார். ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டைப் பொடி சாப்பிடுகிறேன் என்று சொன்னதும் முகம் சுளித்தாலும் அப்படித்தான். "சரி, சாப்பிடுங்க, மாத்திரையை நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டால் உண்மை வெளிவரும், அதோடு இரண்டும் சேர்ந்து சர்க்கரை அதிகமாக இறங்க வாய்ப்பிருப்பதையும் சொல்ல முடியும். "புரிஞ்சுதா?" என்பது வீண் கேள்வி, எல்லாரும் தலையாட்டுவார்கள். "வீட்ல போய் எப்படிப் போடுவீங்க, ஒருமுறை செஞ்சு காட்டுங்க ஐயா" என்பதைப் பயிற்சியிலேயே ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் ஃபார்மசிஸ்ட்டாகவும் நடித்துப் பழக வேண்டும். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

யாரைக் கூப்பிடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட்தான் மருந்து வழங்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு ஃபார்மசி சட்டமே சொல்கிறது, நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை 2015-இல் வந்த ஃபார்மசி கவுன்சில் விதிமுறைகள் அவருடைய வேலையாகவே வைத்திருக்கின்றன. கடையில் முதலில் முகம் கொடுப்பது உதவியாளப் பையனோ பெண்ணோதான். அவர்களுக்கு ஆலோசனை சொல்லக் கற்றுத்தர வேண்டாம், எந்த வார்த்தையைக் கேட்டால் உடனே உள்ளே இருப்பவரைக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் கற்றுத்தர வேண்டும்: சிரிஞ்ச், மயக்கம், கால் புண், வாந்தி, விரதம்.

ஃபார்மசிஸ்ட்டுக்கும் எல்லை உண்டு, அதைத் தெளிவாகச் சொல்லாமல் விடுவது ஆபத்து. உற்சாகமான பயிற்சிக்குப் பிறகு சிலர் டோஸையே மாற்றிச் சொல்ல ஆரம்பிப்பார்கள். டோஸ் மாற்றுவதும் நோயைக் கண்டுபிடித்து முடிவு சொல்வதும் டாக்டர் வேலை. பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் கால் மரத்துப்போகிறது என்றால், வைட்டமின் பி12 குறைந்திருக்கலாம், சோதித்துப் பார்க்கச் சொல்லி டாக்டருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுக்கலாம். தானே பி12 ஊசி போட்டுவிடக் கூடாது.

கடைசியாக நேரமும் காசும். அமெரிக்காவில் வட கரோலினாவின் ஆஷ்வில் நகராட்சி 1996-இல் தன் ஊழியர்களுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. அங்கே ஃபார்மசிஸ்ட்டுகளுக்குப் பயிற்சி கொடுத்ததோடு விடவில்லை, நோயாளிகள் அவர்களைக் குறித்த இடைவெளியில் உட்கார்ந்து சந்திக்கவும், அந்த நேரத்துக்கு ஃபார்மசிஸ்ட்டுக்குச் சம்பளம் கிடைக்கவும் ஏற்பாடு செய்தார்கள். ஊழியர்களின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியும் (HbA1c) குறைந்தது, மொத்த மருத்துவச் செலவும் குறைந்தது. நம் ஊரில் யாரும் அந்த நேரத்துக்குக் காசு தரப்போவதில்லை, அதனால் கூட்டம் குறைவான மதிய நேரத்தில் வாரம் ஒரு நாள் "இன்சுலின் போடக் கற்றுத்தரப்படும்" என்று பலகை வைக்கிற அளவில் தொடங்கலாம். பயிற்சி தருபவர்கள் மூன்று மாதம் கழித்து அதே கடைக்குப் போய் ஒரு மணி நேரம் ஓரமாக நின்று பார்க்க வேண்டும்: சிரிஞ்ச் கேட்டவரிடம் கேள்வி கேட்டார்களா, கால் ஆணிப் பிளாஸ்டர் யாருக்குப் போனது, ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டுகிறது. அடுத்த வகுப்பில் எதை எடுக்க வேண்டும் என்பது அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.