கடதாசி உறைக்குள் என்ன மாத்திரை?

ஹட்டன் பக்கம் கொழுந்து பறிக்கிற யாரைக் கேட்டாலும் இடுப்பு வலி என்பார்கள், டவுன் பார்மசியில் வாங்கிய சின்னக் கடதாசி உறை ஒன்றும் வீட்டில் கிடக்கும். உள்ளே மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று. பெயர் கேட்டால் "வலி மாத்திரை". முதல் தவறே இந்தப் பெயர் தெரியாததுதான். உறையில் டைக்ளோபெனாக் இருந்து, மறுநாள் இன்னோர் இடத்தில் இபுப்ரோபென் கொடுத்தால், இரண்டும் ஒரே வகை. சேர்த்துப் போட்டால் வயிற்றுப் புண்ணும் இரத்தக் கசிவும் சிறுநீரகக் கோளாறும்தான் கூடும். காய்ச்சலோடு உடம்பு வலி வந்தால், டெங்கு இல்லையென்று தெரியும்வரை இந்த வகையே வேண்டாம், பனடோல் (பரசிட்டமோல்) போதும்.

பனடோல்தானே என்று அள்ளிப் போடவும் கூடாது. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 8தான் உச்சம், மெலிந்தவர்களுக்கும் தினம் குடிப்பவர்களுக்கும் அதைவிடக் குறைவு. சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே பரசிட்டமோல் இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள். அளவு மீறிப் போட்டவர் முதல் நாள் நன்றாகத்தான் நடமாடுவார், ஈரல் பழுதாவது அதற்குப் பிறகுதான் தெரியும். முறிவு மருந்தை 8 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன். "விடிந்ததும் பார்ப்போம்" என்று லயத்திலேயே இருந்துவிடாதீர்கள், 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம்.

அப்புறம், "பனடோலா? பவரான ஒன்றா எழுதுங்க டொக்டர்" என்று கேட்கிற பழக்கம். சிட்னியில் புதிதாக இடுப்பு வலியோ கழுத்து வலியோ வந்த 347 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2023இல் வெளிவந்தது: ஓபியொயிட் (அபின் வகையைச் சேர்ந்த, பவரான வலி மருந்து) மாத்திரை போட்டவர்களுக்கும் மருந்தே இல்லாத மாத்திரை போட்டவர்களுக்கும் 6 வாரத்தில் வலியில் வித்தியாசமில்லை. 2017இல் நியூயோர்க்கில் கை கால் வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 416 பேரிடமும் அதே மாதிரிக் கதை, இபுப்ரோபெனும் பரசிட்டமோலும் சேர்த்துக் கொடுத்ததில் (இவை இரண்டும் வேறு வேறு வகை, அதனால் சேரலாம்) 2 மணித்தியாலத்தில் ஓபியொயிட் கலவைக்குச் சமமாக வலி குறைந்தது.

எனக்கு மிகவும் பயம், ட்ரமடோலோ (இதுவும் ஓபியொயிட்தான்) ப்ரெகபாலினோ (நரம்பு வலிக்குக் கொடுப்பது) போட்டுவிட்டு மேலே சாராயமோ கசிப்போ குடிப்பதுதான். இவை எல்லாமே மூச்சை மந்தமாக்கும். மனைவி பக்கத்தில் நிற்கிறாள் என்று டொக்டரிடம் குடித்ததை மறைப்பவர்கள் உண்டு, தனியாகக் கூப்பிட்டாவது சொல்லிவிடுங்கள். குடித்துவிட்டு மாத்திரையும் போட்டவர் கரகரவென்று குறட்டை விட்டால் "நல்லா தூங்கட்டும்" என்று போர்த்திவிட்டுப் போகாதீர்கள். தட்டி எழுப்புங்கள். எழும்பாவிட்டால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து உடனே 1990. மிச்ச மாத்திரையை உறையோடு கொடுத்தனுப்புங்கள்.