செயினை முறுக்கிக் கெடுக்காதீர்கள்

எண்ணெய் போடாவிட்டால் பைக் செயின் துருப்பிடிக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். குளச்சல், முட்டம் பக்கம் வண்டியை வெளியில் நிறுத்துகிறவர்களுக்கு உப்புக்காற்றே அதைச் சொல்லிவிடும். வேலை பழக வருகிற பையன்கள் விவரம் தெரிந்த மாதிரி செய்கிற தவறுகள்தான் செலவு வைக்கின்றன.

செயினை டைட்டாக வைப்பது

செயின் தளர்ந்தால் கடகடவென்று கவரில் அடிக்கும். உடனே பின்சக்கர ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைத் திருகி, விறைக்க இழுத்து வைத்துவிடுகிறார்கள். சத்தம் நின்றுவிடும், வண்டிக்காரருக்கும் சந்தோஷம்.

ஆனால் பின்சக்கரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பள்ளத்தில் விழும்போது, அதைத் தாங்குகிற கையான ஸ்விங் ஆர்ம் மேலே ஏறும். என்ஜின் ஸ்பிராக்கெட் (செயின் மாட்டுகிற பல் சக்கரம்), ஸ்விங் ஆர்ம் பிவட் (அந்தக் கை அசைகிற அச்சு), பின் ஆக்ஸில் மூன்றும் நேர்கோட்டில் வரும்போது செயின் மிக இறுகும். ஸ்டாண்டில் நிற்கும்போதே இறுகிக் கிடந்தால், இரண்டு பேர் ஏறி உட்கார்ந்ததும் அது ஸ்பிராக்கெட் ஷாஃப்ட்டைத் (தண்டை) தாங்குகிற பியரிங்கைத்தான் இழுக்கும்.

குலசேகரத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். ரப்பர் ஷீட் கட்டு ஏற்றுகிற வண்டி. "அண்ணே, ஓடும்போது ஒரு ஊளைச் சத்தம். செயினைக்கூட நல்லா டைட் பண்ணிட்டேன்" என்றான். ஸ்பிராக்கெட் கவரைக் கழற்றினால் ஆயில் சீல் ஓரமெல்லாம் கறுப்பாக வழிந்திருந்தது. ஸ்பிராக்கெட்டைப் பிடித்து ஆட்டினேன், ஷாஃப்ட்டோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடியது. உள்ளே பியரிங் போய்விட்டது. பியரிங் விலை பெரிதில்லை, அதை மாற்ற என்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டும். "செயின் செட் மாத்தினா சரியாகாதாண்ணே?" என்கிறான். இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

எவ்வளவு தளர்வு, எந்த ஸ்டாண்டில் அளப்பது என்பதெல்லாம் மேனுவலில் இருக்கிறது. சின்ன வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர். கீழ்ப்பக்கச் செயினின் நடுவை விரலால் மேலும் கீழும் தள்ளி அளக்க வேண்டும். செயின் எல்லா இடத்திலும் ஒரேபோல் தேயாது. அதனால் சக்கரத்தைச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளவு வையுங்கள்.

பெட்ரோலில் கழுவுவது

லிங்குகளில் ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயின் என்றால் கூடவே கூடாது. ரப்பர் கெட்டு, உள்ளே அடைத்த கிரீஸும் போய்விடும்.

பழைய ஸ்பிராக்கெட்டில் புதுச் செயின்

செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் செட்டாக மாற்றுங்கள்.

பெல்ட்டுக்குக் கவலையே இல்லை என்பது

ஸ்கூட்டர் கவருக்குள் ஓடும் வி-பெல்ட் வேறு, ஹார்லி டேவிட்சனில் பின்சக்கரத்தைச் சுற்றும் பல் பெல்ட் வேறு. பல் பெல்ட்டுக்கு எண்ணெய் வேண்டாம், சத்தமும் குறைவு. ஆனால் புல்லிக்கு நடுவில் ஒரு சரளைக்கல் சிக்கினால் ஓட்டை விழும். செயின் லிங்க் போனால் மார்த்தாண்டத்தில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் சரிபண்ணலாம், பெல்ட்டை ஒட்டுப்போட முடியாது. எஸ்டேட் ரோட்டில் தினமும் ஓட்டுகிறவர்கள் யோசித்து வாங்குங்கள்.

ஷாஃப்ட் வண்டியை அப்படியே விட்டுவிடுவது

செயினுக்குப் பதில் சுழல்கிற தண்டுதான் ஷாஃப்ட்; 1923-இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர்32-விலேயே அது உண்டு. மூடிய குழாய்க்குள் ஓடுவதால் மணலும் உப்பும் அண்டாது. கடற்கரைக்காரர்களுக்கு ஆசை வருவது நியாயம்தான். ஆனால் எடையும் விலையும் கூடும், சுழற்சியைச் சக்கரத்தின் பக்கம் திருப்புகிற பெவல் கியரில் கொஞ்சம் சக்தி வீணாகும். அப்புறம், பின்சக்கரத்தை ஒட்டி அந்தக் கியர் இருக்கிற பெட்டியான ஃபைனல் டிரைவுக்குத் தனி ஆயில் உண்டு. என்ஜின் ஆயில் மாற்றுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வடிக்கும்போது டிரெய்ன் பிளக்கின் காந்தத்தில் நைசான கறுப்புப் பொடி ஒட்டியிருந்தால் பயமில்லை. பிசிறாக இரும்புத் துண்டு கிடந்தால், கியரைத் திறந்து பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.