வாசலில் நின்ற வண்டிக்கு நோ பார்க்கிங் அபராதமா? கட்டும் முன் பாருங்க

"ஏனுங்க சார், எங்க ஊட்டு வாசல்ல தானுங்க வண்டி நின்னுச்சு." கோவை ஆர்.எஸ்.புரமானாலும் ஈரோட்டுக் கடைவீதியானாலும் நோ பார்க்கிங் அபராதம் வந்ததும் முதலில் வருகிற பேச்சு இது. ஆனால் இது எடுபடாது. காம்பவுண்டுக்கு அக்கட்டால இருப்பது பொதுச் சாலை. சொத்து வரி ரசீதைக் காட்டினாலும் அது உங்களுடையது ஆகிவிடாது. வாகனம் ஓட்டுவதற்கான 2017-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், கட்டடங்களின் நுழைவாயிலுக்கு முன்னால் நிறுத்துவதையே தடுக்கின்றன. உள்ளூர்க்காரருக்குச் சலுகை கிடையாது. அவர் கையில் இருப்பது சாட்சியம்: பலகை எப்போது நட்டார்கள், எந்தக் கடையின் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதெல்லாம் தெருக்காரருக்குத்தான் தெரியும்.

பணத்தை மட்டும் முதலில் கட்டிவிடாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டு இணக்கமாக முடித்துக்கொண்டதாகவே கணக்கு. பிறகு திரும்பப் பெறுவது பெரும்பாடு. வாட்ஸ்அப்பில் 'சலான்' என்று ஏ.பி.கே. கோப்பு (செல்லில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் தொடவே வேண்டாம், அது மோசடி. பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஓ.டி.பி. பழைய செல் நம்பருக்குப் போனால் முதலில் ஆர்.சி.யில் நம்பரை மாற்ற வேண்டும்.

சலான் திறந்ததும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். டி.என். 37-ஐ 87 என்றோ, 66-ஐ 99 என்றோ பதிவு செய்வது, கடைசி நான்கு எண்ணில் 3-ம் 8-ம் மாறுவது எல்லாம் நடக்கக்கூடியவை. படத்தில் இருப்பது வேறு நிறம், வேறு மாடல் என்றால் வேலை சுலபம்: ஆர்.சி. நகலும், நம்பர் பிளேட் தெரியும்படி உங்கள் வண்டியின் முன், பின், பக்கவாட்டுப் படங்களும் போதும். வண்டியை விற்று, வாங்கியவர் பேர் மாற்றாமல் ஓட்டுகிறார் என்றால் சிக்கல் உங்கள் பக்கம்தான். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்திருக்க வேண்டும்; அதற்கான படிவம் 29 கொடுத்த அத்தாட்சி இருந்தால் இணையுங்கள்.

அடுத்தது தொகை. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதங்கள் உயர்ந்தன. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 177-இன்படி முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500. உங்களுக்கு 1,500 வந்திருந்தால் அந்த முந்தைய சலான் உண்மையில் உங்களுடையதுதானா என்று தேடிப் பார்ப்பது லாபம்.

இனி இடம். நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரு கோடு என்றால் வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது. இரண்டு கோடுகள் பெருக்கல் குறிபோல் இருந்தால் ஆளை இறக்கிவிடக்கூட நிற்கக் கூடாது. பலகை வேப்ப மரக் கிளையிலோ கட்சி ஃப்ளெக்ஸிலோ மறைந்திருந்தால் அன்றைக்கே படமெடுங்கள். நாலு நாள் கழித்துக் கிளையை வெட்டிவிடுவார்கள். ஓட்டி வருபவர் கண்ணுக்குத் தெரிகிற கோணத்தில், தெரு முனையிலிருந்து வண்டி நின்ற இடம் வரை நடந்துகொண்டே ஒரே வீடியோவாக எடுப்பது நல்லது. பலகைக்குப் பக்கத்தில் போய் எடுத்த ஒற்றைப் படம் எதையும் நிரூபிக்காது.

பலரும் கோட்டை விடுவது ஒன்று உண்டு. பலகையே இல்லாவிட்டாலும் சந்திப்பின் விளிம்பிலிருந்து 50 மீட்டருக்குள் நிறுத்தக் கூடாது. நடைபாதையின் மீதும், நிற்கிற வண்டிக்கு இணையாக இரண்டாம் வரிசையிலும் அப்படித்தான். டேப் வைத்து அளந்து பாருங்கள். 30 மீட்டர்தான் வந்தால் 'பலகை இல்லை' என்ற மனுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். அப்படியானால் 500-ஐக் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்பது மேல்.

சாட்சியம் சரியாக இருந்தால் இ-சலான் தளத்தின் புகார்ப் பகுதியில் பதியுங்கள். நாலு வரி போதும்: "சலான் எண் இன்னது. குறிப்பிட்ட தேதியில் இந்த இடத்தில் தடைப் பலகை ஏதும் தெரியவில்லை. அருகிலுள்ள சந்திப்பிலிருந்து 70 மீட்டர் தூரம். படங்கள் இணைப்பு. சலானை ரத்து செய்யக் கோருகிறேன்." தெருவில் எல்லோரும்தான் நிறுத்துகிறார்கள், வரி கட்டுகிறோம் என்றெல்லாம் எழுதினால் படிப்பவருக்குச் சலிப்புதான் வரும். அதே மனுவை இரண்டு நகல் எடுத்து நேரிலும் கொடுங்கள். கோவை, திருப்பூர், சேலம் மாநகரங்களில் போலீஸ் கமிஷனர் அலுவலகம். ஈரோடு, நாமக்கல், கரூரில் எஸ்.பி. அலுவலகம். ஒரு நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அந்தத் தெருவுக்குத் தடை அறிவிப்பு உண்டா என்றே சந்தேகமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அறிவிப்பின் நகலும் பலகை வைத்த தேதியும் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (ஆன்லைனில் நடக்கும் கோர்ட்டுக்கு) போயிருந்தால் அங்கே இரண்டு வழி: அபராதத்தை ஏற்பது, வழக்கை எதிர்கொள்வது. இரண்டாவதை அழுத்தினால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும்; நேரில் போக வேண்டியிருக்கும். 500 ரூபாய்க்கு ஒரு நாள் சம்பளமும் வக்கீல் ஃபீஸும் போகும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். வண்டியே உங்களுடையது இல்லை என்றால் மட்டும் தயங்காமல் போங்கள்.

ரத்து ஆனதாகச் சொன்ன பிறகும் தளத்தில் 'நிலுவை' என்றே கிடக்கலாம். எஃப்.சி.க்கோ பேர் மாற்றத்துக்கோ ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகும் அன்றைக்கு அது வழிமறிக்கும். ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்து, பாக்கி இல்லை என்ற பக்கத்தை பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு வையுங்கள்.