வித்தக இலையைத் தேடுவோர் செய்யும் தவறுகள்

தாவரம் பெருகுவதற்கான நுண்பொடியான ஸ்போரைத் தாங்கும் இலையே வித்தக இலை. பூக்காமல் ஸ்போரால் பரவும் பெரணி என்றாலே இலையைத் திருப்பிப் பார்ப்பதும், அடியில் ஸ்போர்த் தொகுதிகளான பழுப்புப் புள்ளிகள் இல்லையென்றால் ‘இன்னும் முதிரவில்லை’ என்று விட்டுவிடுவதும் பழகிப்போன தவறுகள். இராமநாதபுரம் கரையோரத்தில் இதற்கு முதலில் பலியாவது ஆரைக்கீரைதான். கண்மாய் ஈரத்திலும் வயலிலும் நாலிலையாய்ப் படரும் இச்செடி ஒரு பெரணி என்றால் பலர் நம்புவதில்லை. மூவிலைப் புளியாரையோடு இதைக் குழப்பிக்கொள்வாரும் உண்டு, புளியாரையோ பூத்துக் காய்க்கும் இனம்.

ஆரையின் சிற்றிலைகளை எத்தனை முறை புரட்டினாலும் ஒன்றும் தென்படாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகிய கண்மாய் வற்றத் தொடங்கியபின், இலைக்காம்பின் அடிப்பகுதியை விரலால் விலக்கிப் பார்க்க வேண்டும். உளுந்தளவில், கடினமான ஓட்டோடு சிறு கொட்டைகள் அங்கே இருக்கும். இவற்றை ‘விதை’ என்று குறித்துக்கொள்வது அடுத்த பிழை. இலையின் ஒரு கூறே மடிந்து இறுகி, பெரியதும் சிறியதுமான இருவகை ஸ்போர்களை உள்ளே பொதிந்து வைத்திருக்கிறது. முழுக் கொட்டையை ஒரு நாள் ஊறவைத்து, அசைவில்லாததால் செத்தது என வீசுகிறார்கள். ஓட்டின் ஓரத்தை நகவெட்டியால் சற்றே நறுக்கி நீரில் இட்டால், பிளவு வழியாக வழவழப்பான கூழ் இழையொன்று புழுவைப் போல நெளிந்து வெளிவரும். ஸ்போர்ப் பைகள் அதில் வரிசையாக ஒட்டியிருக்கும். பல பத்தாண்டுகள் உலர்ந்து கிடந்த கொட்டையும் இப்படி விழிப்பதுண்டு. வெடித்துக் கிடந்த கண்மாயில் மழைக்குப்பின் ஆரை மீண்டும் தலைகாட்டுவதில் இதற்கும் பங்குண்டு.

வீட்டுத் தொட்டிப் பெரணியில் தவறு நேர்மாறானது: புள்ளிகளைச் செதில்பூச்சி என்று கருதி மருந்தடிக்கிறார்கள். ஸ்போர்த் தொகுதிகள் சிற்றிலையின் நடுநரம்புக்கு இருபுறமும் ஒழுங்காக அமைந்திருக்கும். பூச்சியோ கண்டபடி ஒட்டும், காம்பையும் விடாது, நகத்தால் நெம்பினால் பெயர்ந்துவிடும். அலையாத்திக் காட்டுப் பெரணியில் புள்ளியே கிடையாது. நுனிச் சிற்றிலைகளின் அடிப்புறம் முழுவதும் பழுப்புப் படலமாக இருக்கும், அது நோயன்று. பெரணியில் மட்டுமன்று, பனைபோலத் தோன்றும் சைகஸ் மரத்தில், தன் ஓரங்களில் சூல்களை (விதையாக முதிர்பவை) தாங்கும் இலையும் வித்தக இலையே. பூக்கும் தாவரத்தின் மகரந்தத்தாளையும் தாவரவியலார் இவ்வரிசையில் சேர்ப்பார்கள்.

ஸ்போர் சேகரிப்போர் இலையை வெள்ளைத்தாளில் கவிழ்த்துத் திண்ணையில் வைத்தால், கடற்காற்று ஒன்றையும் மிச்சம் வைக்காது. மூடிய அறையில் ஓரிரவு வைத்து, தாளை மெல்லச் சாய்த்துத் தட்டினால் வெற்றுப் பைகள் முதலில் உருண்டோடும். தாளில் ஒட்டி நிற்கும் நுண்பொடியே ஸ்போர்.